விதைக்கு ஒரு மண், நாற்றுக்கு ஒரு மண்

ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்த தட்டைப்பயறு விதையை ஆற்று மணல், செம்மண், கரிசல் ஆகிய மூன்று தொட்டிகளில் விதைத்து ஒரே அளவு நீர் ஊற்றியபோது, மணலில் எல்லா விதையும் முதலில் முளைத்து மூன்றாம் வாரத்தில் வெளுத்து நின்றுவிட்டது, செம்மண்ணில் பாதி விதை வெளியே வரவே இல்லை, கரிசலில் பிந்தி முளைத்தவை மட்டும் கருகருவென்று வளர்ந்தன. இவற்றில் நாற்றுக்கு ஏற்ற மண் எது என்பது உங்கள் கேள்வி. மூன்றில் ஒன்றைச் சுட்டிக்காட்டி இதற்கு விடை சொல்ல முடியாது. விதை முளைக்கும்போது மண்ணிடம் கேட்பது ஒன்று, முளை மேலே வரும்போது கேட்பது வேறு, வித்திலையில் (விதைக்குள் உணவைச் சேர்த்து வைத்திருக்கும் இலை) இருந்த இருப்பு தீர்ந்த பிறகு நாற்று கேட்பது முற்றிலும் வேறு. முதல் வாரத்தில் நல்ல மண்ணாக இருந்தது மூன்றாம் வாரத்தில் மோசமான மண்ணாகிவிடுவதற்கு இதுதான் காரணம்.

முளைப்பிலிருந்து தொடங்கலாம். விதைக்குள் தேவையான உணவு ஏற்கெனவே இருக்கிறது. அது வெளியிலிருந்து எதிர்பார்ப்பது நீர், காற்று, வெப்பம் ஆகிய மூன்றை மட்டுமே. மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறதா, சாம்பல்சத்து (பொட்டாசியம்) இருக்கிறதா என்பது அந்த நாள்களில் ஏறத்தாழப் பொருட்டே அல்ல. விதைப் பரிசோதனை நிலையங்களில் முளைப்புத்திறனைச் சத்தே இல்லாத சுத்தமான மணலிலும் முளைப்புத் தாளிலும் சோதிப்பது இதனால்தான். தட்டைப்பயறு, அவரை, நிலக்கடலை போன்ற பெரிய விதைகள் பத்து நாள் வரையிலும் தம் இருப்பைக் கொண்டே ஓட்டிவிடும். கத்தரி, மிளகாய், கேழ்வரகு போன்ற சிறு விதைகளுக்கு அந்த இருப்பு சில நாள்களில் தீர்ந்துவிடும். ஆகவே மண்ணின் வளக்குறைவு கேழ்வரகு நாற்றில் விரைவாகவும், அவரையில் தாமதமாகவும் வெளிப்படும்.

நீரும் காற்றும் மண்ணின் துளைகளில்தான் இருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவதால் துளைகளின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மணலின் துகள் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும், களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. மணலில்தான் இடைவெளி அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் களிமண்ணின் துளைகளின் மொத்தக் கொள்ளளவு மணலைவிடக் கூடுதல். ஆனால் களியின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் அவை நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, காற்று புக வழி இருப்பதில்லை. மணலின் பெரிய துளைகளிலோ நீர் வடிந்துபோக, அந்த இடத்தைக் காற்று நிரப்பிவிடுகிறது. காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும் என்பதை நினைவில் கொண்டால், சற்று அதிகமாக நீர் ஊற்றிய களிமண் தொட்டியில் விதை ஏன் முளைக்காமல் அழுகுகிறது என்பது விளங்கும். அங்கே விதையைக் கொல்வது மூச்சுத் திணறல்தான்.

இந்த விதிக்கு நெல் ஓரளவு விலக்கு. ஆக்சிஜன் இல்லாத நீருக்கடியிலும் நெல்லின் முளைக்குருத்து நீண்டு வரும். ஆனால் வேர் வளராது, பச்சை இலை விரியாது. காவிரிப் படுகையின் களி கலந்த வண்டலில் சேறடித்துத் தயாரித்த நாற்றங்காலில் விதையை ஊறவைத்து முளைகட்டிய பிறகே தெளிப்பதும், தெளித்த 18 முதல் 24 மணி நேரத்துக்குள் நீரை வடித்துவிடுவதும் வேருக்குக் காற்றுக் கிடைப்பதற்காகத்தான். இந்த வடிப்பைத் தவறவிட்ட நாற்றங்காலில் நாற்று வேரூன்றாமல் மிதக்கும். அதே களியில் நாற்று நன்றாக வளர்ந்த பின்னும் வேறொரு தொல்லை உண்டு: பிடுங்கும்போது வேர் அறுந்துவிடும். இப்படி வேர் அறும் மண்ணில் விதைத்த பத்தாம் நாள் சென்ட்டுக்கு 4 கிலோ ஜிப்சமும் 1 கிலோ டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரமும் இடுமாறு வேளாண் துறையினர் சொல்வார்கள். ஜிப்சத்திலுள்ள கால்சியம் களித்துகள்களைத் திரளச் செய்து மண்ணை இளக்குவதால் வேர் முழுதாக வருகிறது.

அடுத்து, செம்மண்ணில் பாதி விதை ஏன் வெளியே வரவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் மிகுதியான நாற்றுகளைப் பலிவாங்குவது இந்தச் சிக்கல்தான் என்பது என் கணிப்பு. ஆனால் பெரும்பாலும் பழி விதை விற்றவர் மேல் விழுகிறது. தமிழ்நாட்டின் மானாவாரிச் செம்மண் நிலங்கள் பலவற்றில் மட்கு மிகக் குறைவு. அதனால் மண்குருணைகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் வலு இல்லாதவை. விதைத்தபின் ஒரு கனமழை பெய்தால், அல்லது பூவாளி இல்லாமல் குடத்திலிருந்து நீரைக் கொட்டினால், குருணைகள் உடைந்து நுண்துகள்கள் மேற்பரப்புத் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. அடுத்து இரண்டு நாள் வெயில் அடித்ததும் அந்த மேல் அடுக்கு சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பொருக்காக இறுகிவிடும். அடியில் விதை முளைத்துத்தான் இருக்கும். தோண்டிப் பார்த்தால் முளை மேலே வர வழியின்றிப் பக்கவாட்டில் வளைந்து, வெளிறி, தடித்துக் கிடப்பதைக் காணலாம்.

பொருக்கை எல்லாப் பயிரும் ஒரே மாதிரி எதிர்கொள்வதில்லை. சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் முளை கூரிய உறைக்குள் இருந்தபடி ஊசிபோல் துளைத்து மேலே வரும். தட்டைப்பயறு, பாசிப்பயறு, பருத்தி போன்றவை கொக்கியாக வளைந்த தண்டால் இரண்டு பெரிய வித்திலைகளையும் மண்ணுக்கு மேலே இழுத்து வந்தாக வேண்டும். பொருக்கு தடுக்கும்போது இவற்றின் கழுத்து முறிந்துவிடும். துவரையும் கொண்டைக்கடலையும் வித்திலைகளை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் மேலே அனுப்புவதால் தட்டைப்பயற்றைவிடத் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஆக, அந்தச் செம்மண் தொட்டியில் தட்டைப்பயறுக்குப் பதிலாகச் சோளம் விதைத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். இறவை நிலங்களில் விதைத்த மூன்றாம் நாள் கட்டும் உயிர்த் தண்ணீர், ஈரம் தருவதோடு பொருக்கை நனைத்து இளக்கி முளைக்கு வழியும் விடுகிறது. நிலையான தீர்வு வேண்டுமென்றால் தொழு உரமோ மட்கிய தென்னைநார்க் கழிவோ எக்டருக்கு 12.5 டன் அளவில் இட்டு உழுவதுதான். தொட்டியிலும் மேட்டுப்பாத்தியிலும் விதையை மூடுவதற்குச் செம்மண்ணைத் தவிர்த்து, மணலும் சலித்த தொழு உரமும் கலந்த கலவையை மெல்லியதாகத் தூவி, மேலே வைக்கோல் பரப்பிவிட்டால் பொருக்குக்கு இடமே இல்லை. முளை தலைகாட்டியதும் வைக்கோலை அன்று மாலையே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நாற்று வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று ஒல்லியாக ஓடிவிடும்.

கரிசலின் குணம் இதற்கு நேர் எதிரானது. கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசலின் களியில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம் மிகுந்திருக்கிறது. இது நீரை அடுக்குகளுக்கிடையே உள்வாங்கி உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். செம்மண்ணில் மிகுதியாக உள்ள கயோலினைட் என்னும் களிக் கனிமத்துக்கு இந்தக் குணம் அநேகமாக இல்லை. நீரைப் பிடித்துவைப்பதில் கரிசலுக்கு ஈடில்லை என்பது உண்மைதான். ஆனால் பிடித்த நீரில் பெரும்பகுதியை அது செடிக்குக் கொடுப்பதில்லை. நூறு கிராம் உலர்ந்த மணலில் 12 கிராம் நீர் இருந்தால் அது தாராளமாக நனைந்த மணல். அதே 12 கிராம் நீர் கரிசலில் இருந்தால் நாற்று வாடிச் செத்துவிடும், ஏனெனில் அந்த நீரைக் களித்துகள்கள் வேரின் இழுவைக்கு அகப்படாத வலுவோடு பற்றியிருக்கும். விதைக்கும் இதே நிலைதான். மக்காச்சோள விதை முளைக்கத் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உறிஞ்ச வேண்டும், பயறு வகைகளுக்கு அதைவிட அதிகம் தேவை. அரைகுறையாக நனைந்த கரிசலில் அந்த அளவை எட்ட விதைக்கு நாள் பிடிக்கிறது. கட்டிகட்டியாகக் கிடக்கும் கரிசலில் விதைக்கும் மண்ணுக்கும் தொடர்பே சரியாக ஏற்படாது. அதற்காக விதைத்தபின் மண்ணை லேசாக அழுத்திவிடுவது வழக்கம். கரிசல் தொட்டியில் முளைப்பு பிந்தியதற்கு இவையே காரணங்கள்.

விதைக்கும் ஆழம் பற்றிய பொது விதி, விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், அதிலும் மணலில் சற்று ஆழமாக, களியில் சற்று மேலாக என்பது. ஆனால் மானாவாரிக் கரிசலில் பருவமழைக்கு முன்னரே புழுதியில் விதைக்கும்போது சோளத்தைச் சுமார் 5 செ.மீ. ஆழத்தில் போடுகிறார்கள். இது விதியை மீறுவது போலத் தோன்றினாலும் காரணமுள்ளது: மேலாக இருக்கும் விதை முதல் தூறலிலேயே முளைத்து, அடுத்த மழை வருவதற்குள் காய்ந்துவிடும், 5 செ.மீ. ஆழத்திலுள்ள விதை, அந்த ஆழம் நனையும் அளவுக்கு மழை பெய்தால்தான் முளைக்கும். அவ்வளவு மழை பெய்துவிட்டால் பிறகு சில நாள்களுக்கு நாற்றைக் காப்பாற்றும் ஈரம் கரிசலிடம் இருக்கும். இதே முறையைத் தேரி எனப்படும் செம்மணல் மேட்டு நிலத்தில் செய்து பார்த்தால் எதுவும் மிஞ்சாது.

வேர் இறங்குவதிலும் மண் வகை கைவைக்கிறது. வேர்நுனி மண்துகள்களை விலக்கிக்கொண்டு முன்னேற வேண்டும். மண்ணின் எதிர்ப்பு சுமார் 2 மெகாபாஸ்கலை (அழுத்தத்தின் அலகு) எட்டும்போது பெரும்பாலான பயிர்களின் வேர் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடுகிறது. ஈரமாக இருக்கும்போது இளகியிருக்கும் செம்மண் காய்ந்ததும் இந்த எல்லையைத் தாண்டிவிடுவதால், அதில் நாற்றுக்குத் தண்ணீர் குறைவதும் வேருக்கு வழி அடைபடுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இளகிய மண் என்றால் என்ன என்பதைத் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துப் பனங்கிழங்குப் பாத்திகளில் பார்க்கலாம். பனங்கொட்டையின் முளை மேல்நோக்கி வராமல் நேராகக் கீழே இறங்கி, அந்த ஆழத்தில்தான் கிழங்காகத் திரளும். ஆகவே மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் கொட்டைகளை அடுக்குகிறார்கள். இறுகிய தரையில் அதே கொட்டை முளைத்தாலும் கிழங்கு குட்டையாகக் கோணிப்போகும். முள்ளங்கி, கேரட் ஆகியவற்றை நாற்றுவிடாமல் இளகிய மண்ணில் நேரடியாக விதைக்கச் சொல்வதும் இதையொட்டியதே.

இனி, மணலில் வந்த நாற்று ஏன் வெளுத்தது என்ற கேள்வி. வித்திலை வற்றி உதிரும் நேரத்தில் நாற்று முழுமையாக மண்ணை நம்பத் தொடங்குகிறது. சத்துகளில் பல நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகளாக (நேரயனிகளாக) இருப்பதால், அவற்றைப் பிடித்து வைக்க எதிர்மின்னேற்றம் கொண்ட பரப்பு வேண்டும். களியும் மட்கும்தான் அந்தப் பரப்பைத் தருகின்றன. நூறு கிராம் மாண்ட்மோரில்லோனைட் 80 முதல் 100 மில்லிச்சமானம் (அயனிகளை அளக்கும் அலகு) வரை நேரயனிகளைப் பிடிக்கும். கயோலினைட் 15க்கு மேல் போவது அரிது. ஆற்று மணலுக்கு அந்தத் திறன் இல்லை என்றே சொல்லலாம். நீங்கள் நாள்தோறும் ஊற்றிய நீர், மணலில் இருந்த சிறிதளவு நைட்ரேட்டையும் கழுவித் தொட்டியின் அடித்துளை வழியே வெளியேற்றியிருக்கும். கோடை வெயிலில் உலர்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதும் உண்டு. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கருகி வளையம் விழுந்திருந்தால் அது சத்துக்குறைவு அன்று, சூட்டுக் காயம்.

வெளுப்பு எந்த இலையில் தொடங்கியது என்பதைக் கவனிப்பது முக்கியம். அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நாற்று பழைய இலையிலிருந்து அதை எடுத்துப் புதிய இலைக்கு அனுப்புகிறது. நுனி இலை நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மற்ற இடம் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. இதைச் சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் நிலக்கடலை நாற்றில் நன்றாகக் காணலாம். அங்கே மண்ணில் இரும்பு இருந்தும் கார நிலை அதைக் கரையவிடுவதில்லை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) இன்னும் சிக்கலானது. அது மண்ணில் நகர்வதே அரிது என்பதால் வேர் அதைத் தேடிச் செல்ல வேண்டும், ஆனால் நாற்றின் வேரோ விரற்கடை நீளம்தான். செம்மண்ணில் இரும்பு ஆக்சைடும், சுண்ணாம்புக் கரிசலில் கால்சியமும் அதைப் பிணைத்துவிடுகின்றன. மக்காச்சோள நாற்றின் இலை ஊதா நிறம் கொள்வது இதன் அடையாளம். ஆகவே மணிச்சத்தைப் பரவலாகத் தூவாமல் வேருக்கு எட்டும் இடத்தில், விதைக்குச் சற்றுக் கீழே இடுவது பயன் தரும்.

உவர், களர் நிலங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விடை முடியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே மருந்தைத் தேடுவோர் ஏராளம். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டும். ஈரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் உப்பின் இழுவையால் விதை அதை உறிஞ்ச முடியாது. பீன்ஸும் கேரட்டும் 1 டெசிசீமன்ஸைத் தாண்டும்போதே விளைச்சலில் குறையத் தொடங்கும். பருத்தி 7க்கு மேலும் தாங்கும். நெல்லின் போக்கு ஏமாற்றக்கூடியது: முளைப்பின்போது உப்பைத் தாங்கிக்கொள்ளும் அது, இரண்டு மூன்று இலைப் பருவத்தில் மிகவும் நலிந்துபோகும். நல்ல முளைப்பைக் கண்டு நிம்மதியடைந்தவர் பத்து நாள் கழித்து நாற்றின் நுனி கருகுவதைப் பார்ப்பார். களர் நிலத்தில் சிக்கல் வேறு. அங்கே உப்பைவிடச் சோடியம்தான் வினை செய்கிறது. பரிமாற்றச் சோடியம் (களித்துகள்கள் பிடித்திருக்கும் நேரயனிகளில் சோடியத்தின் பங்கு) 15 விழுக்காட்டையும், கார அமில நிலை (pH) 8.5ஐயும் தாண்டிய மண்ணில் களித்துகள்கள் சிதறித் துளைகளை அடைத்துவிட, நீர் மேலேயே தேங்கி நிற்கும், காய்ந்தால் பாறையாகும், துத்தநாகமும் கிடைக்காது. உவருக்கு நல்ல நீரால் கழுவி வடிப்பது போதும். களருக்கு ஜிப்சம் இட்ட பிறகே கழுவ வேண்டும், கூடவே பசுந்தாள் உரச்செடியான தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் மண் திறக்கும். திருச்சிக்கு அருகே நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி அமைந்திருப்பதே களர் நிலத்தில்தான். திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் நெல் இரகங்கள் அங்கிருந்து வந்தவை. நீலகிரியின் அமில மண்ணில் இதற்கு மறுமுனைச் சிக்கல்: கார அமில நிலை 5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் குட்டையாக்கும். தேயிலைக்கு அது ஒத்துக்கொள்ளும், காய்கறி நாற்றுக்குச் சுண்ணாம்பு இட்டே ஆக வேண்டும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகள் தரைமட்டத்தில் இற்றுச் சாய்ந்தால் அது பித்தியம் போன்ற பூசணங்களால் வரும் நாற்றழுகல். வடிகால் இல்லாத களிமண்ணில் இது பெருகுவதால் மருந்தைவிட 15 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி முதலில் உதவும். நன்மை செய்யும் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியை விதையோடும் தொழு உரத்தோடும் கலப்பது அதற்கு அடுத்த காப்பு.

நாற்றுக்கென்று மண் கலவை தயாரிப்போர், செம்மண், மணல், தொழு உரம் ஆகியவற்றைச் சமபங்காகக் கலப்பது பெரும்பாலான மரக்கன்றுகளுக்கும் பழக்கன்றுகளுக்கும் போதும். காய்கறி நாற்றுக்கு 98 குழிகள் கொண்ட குழித்தட்டும் தென்னைநார்க் கழிவும் இப்போது பரவலாகிவிட்டன. ஆனால் மட்காத நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 100:1க்கு மேற்பட்ட விகிதத்தில் இருப்பதால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நாற்றுக்குரிய தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மட்கவைத்தால் அந்த விகிதம் சுமார் 24:1 ஆகக் குறைகிறது. கடலோரத்திலிருந்து வரும் நார்க்கழிவில் உப்பும் இருக்கும், கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. குழித்தட்டு நாற்றைக் கரிசலில் நட்டபின் சுற்றுமண் ஈரமாக இருந்தும் நாற்று வாடுவதைப் பலர் கண்டிருப்பார்கள்: சுற்றியுள்ள களியின் நுண்துளைகள் நார்க்கட்டியிலுள்ள நீரை உறிஞ்சிவிடுகின்றன, வேரோ இன்னும் கட்டியை விட்டு வெளியே வரவில்லை. முதல் சில நாள்கள் தண்டின் அடியிலேயே நீர் விழவேண்டும். ஈரக் களியில் மண்வெட்டியால் மழமழவென்று வெட்டிய குழிச்சுவர் காய்ந்தால் வேர் அதைத் துளைக்காமல் குழிக்குள்ளேயே சுற்றும். நடுமுன் சுவரைக் கொத்தி விடுவது நல்லது.

உங்கள் மண் எது என்று அறிய, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும், களி மறுநாளும் கலங்கியிருக்கும். உப்பையும் கார அமில நிலையையும் பாட்டில் சொல்லாது. அவற்றுக்கு மண் பரிசோதனை நிலையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். மூன்று தொட்டிச் சோதனையை மீண்டும் செய்வதானால், மூன்றுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றியதை முதலில் மாற்றுங்கள். நன்கு நனைத்து வடிந்தபின் ஒவ்வொரு தொட்டியையும் எடை போட்டுக்கொண்டு, குறைந்த எடையளவுக்கு மட்டும் நீர் விடுங்கள். மணலுக்கு நாள்தோறும் தேவைப்படும்போது கரிசலுக்குச் சில நாள்களுக்கு ஒருமுறை போதுமாயிருக்கும். ஒவ்வொரு மண்ணிலும் இரண்டு தொட்டி வைத்து, பத்தாம் நாளிலிருந்து ஒன்றுக்கு மட்டும் நீர்த்த சாண எரிவாயுக் கழிவோ பஞ்சகவ்யமோ ஊற்றி வந்தால், மணலில் ஏற்பட்ட வெளுப்பில் எவ்வளவு சத்துக்குறைவால் வந்தது என்பது மூன்றாம் வாரத்தில் தெரிந்துவிடும்.